வராத கப்பல்களும் அம்மம்மாவின் உறுதியும்

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், பழைய துவாயொன்றில் சுற்றியபடி, அம்மம்மாவின் சீதன உறுதி இருக்கிறது. நொத்தாரிசு ஒருவர் 1931 ஆம் ஆண்டில் தம் கந்தோரில் இருந்து எழுதிய அந்தத் தாள் மடிப்புகளில் கிழிந்து, ஓரங்களில் தேத்தண்ணி நிறம் ஏறிக் கிடக்கிறது. வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே வாவி என்று நான்கு எல்லைகளையும் சொன்ன பின்னர், வளவும் வீடும் கிணறும் நின்று பயன்தரும் தென்னைகளும் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவதாக அதில் எழுதியிருக்கிறது. அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு வந்தது. அம்மாவின் வீடு எனக்கு வந்தது. என் தாத்தாவும் அப்பாவும் கணவரும் இந்த வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்தவர்கள்.

மேலே எழுதிய சில வரிகளில் அலுமாரியும் துவாயும் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். நொத்தாரிசும் கந்தோரும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. தாளில் ஏறிய தேத்தண்ணி நிறம் ஆங்கிலேயர் காலத்துப் பழக்கம். வீடு மகளுக்கே போக வேண்டும் என்ற வழக்கம் மட்டும் எங்களுடையது. இந்த ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டுதான் நான் கடந்த சில கிழமைகளாக ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி என்னுடையதன்று. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பின்னரும், உயர்தரப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களை ஒரு நாள் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியுமாக நிற்கும் அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதத்தில், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொத்தளத்தின் மேல் நின்றபோது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இவங்க ஒருத்தரும் வராம இருந்திருந்தா மட்டக்களப்பு இப்ப எப்படி இருந்திருக்கும்?"

பாடசாலையில் கற்பித்த காலமாக இருந்தால், இது பரீட்சைக்கு வராது என்று சொல்லிக் கடந்திருப்பேன். அப்படிக் கடந்தது பிழை என்று இப்போது நினைக்கிறேன். நடந்த ஒன்றின் கனம் எவ்வளவு என்பதை அறிய, அதை ஒரு தடவை எடுத்து வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், அவர்கள் எப்படி வராமல் போவார்கள் என்பதைச் சரியாக வகுத்துக்கொள்ளச் சொன்னேன். வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கள்ளிக்கோட்டையை எட்டுமுன் புயலில் மூழ்கின என்று வைத்துக்கொண்டால் போதாது. பார்த்தலோமியோ டயஸ் 1488 இலேயே ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டார். 1498 இல் வராதவர் ஒரு தலைமுறை கழித்தேனும் வந்திருப்பார். என் எண்ணத்தில், அவிழ வேண்டிய முடிச்சு இந்து சமுத்திரத்தைவிட அத்திலாந்திக்கில்தான் அதிகம் இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த சரக்குகளில் ஆசியச் சந்தைகள் விரும்பியவை மிகச் சில. மிளகுக்கும் கறுவாவுக்கும் துணிக்கும் அவர்கள் நிறுத்துக் கொடுத்தது பெரும்பாலும் வெள்ளி. அந்த வெள்ளியின் பெரும்பகுதி அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. பொட்டோசி மலையில் 1545 இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டு, அந்த மண்ணின் மக்கள் கட்டாய வேலைக்குச் சுரங்கத்துள் இறக்கப்படாமல் இருந்திருந்தால், 1602 இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு இங்கே கொண்டுவந்து கொட்டக் கைமுதல் எங்கிருந்து வந்திருக்கும்? ஆகவே, அத்திலாந்திக்கைக் கடக்காத ஓர் ஐரோப்பாவை, வெனிசு வணிகர் வழமைபோல அலெக்சாந்திரியாவில் மிளகு வாங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஐரோப்பாவை மனதில் வைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொன்னேன்.

அப்படி வைத்துக்கொண்டதும் கடல் அமைதியாகிவிடாது. சீனத் தளபதி செங் ஹேயின் பெருங்கப்பற்படை 1405 முதல் 1433 வரை ஏழு தடவை இந்தக் கடலில் வந்து போனது. அவர் காலியில் நாட்டுவித்த 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி, தெவிநுவரைக் கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. மூன்று மொழிகளில் மூன்று சமயங்களுக்கு மரியாதை செய்த அந்தக் கல்லை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அதே படைதான் ஓரிரு ஆண்டுகளில் இத்தீவில் ஆட்சி செய்த அழகேசுவரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனது. அதற்கும் நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் சோழர் வந்து பொலன்னறுவையில் இருந்து ஆண்டார்கள். தஞ்சை நாயக்கரின் படை 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து போர்த்துக்கேயரோடு மோதித் தோற்றது. எதிரே பீரங்கி இல்லாதிருந்தால் அது வெறுமனே திரும்பிப் போயிருக்கும் என்று யார் சொல்வது? ஐரோப்பியர் இல்லாத வரலாற்றிலும் ஆள வந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

மட்டக்களப்பைப் பொறுத்தவரை, நான் உறுதியாக நம்பும் மாற்றம் ஒன்று உண்டு. நாங்கள் ஓர் ஓரத்து ஊராக இருந்திருக்க மாட்டோம். கண்டி அரசு மலைக்குள் அடைபட்ட அரசு என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் எண்ணுகிறார்கள். அடைத்தவர்கள் கரையைப் பிடித்தவர்கள். அதன் இயல்பான கடல்வாசல் கிழக்கே இருந்தது. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602 இல் கண்டி அரசன் விமலதர்மசூரியனைக் காணப் புறப்பட்டபோது வந்திறங்கிய இடம் மட்டக்களப்பு. இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு 1638 இல் உடன்படிக்கை செய்த இடமும் இதுதான். வாவியின் முகத்துவாரத்தில் மணல் திட்டுகள் உண்டு. ஆழமான கப்பல்களுக்கு அது ஆகாது. ஆனால் காயல்பட்டினத்துத் தோணிகளுக்கும் சோழமண்டலக் கரையின் தோணிகளுக்கும், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நெல்வயல்களின் ஓரமாகவே உள்ளே செல்லும் இந்த நீர்வழியைவிட வேறு என்ன வேண்டும்? மண்முனையிலும் சம்மாந்துறையிலும் நெல்லும் மெழுகும் மான்தோலும் ஏறி, உப்பும் துணியும் இறங்கி, பொதிமாட்டுத் தவளங்கள் பிந்தனை வழியாகக் கண்டிக்குப் போய் வந்த காட்சி என் கண்ணில் நிற்கிறது. அந்த வரலாற்றில் கொழும்பு ஒரு சிறு துறையாகவே இருந்திருக்கக்கூடும்.

கொழும்பு இந்தத் தீவு முழுவதன் தலையாக ஆனது ஒரு நிருவாகத் தீர்மானத்தின் பின்னர். 1833 இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி தீவு முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. கிழக்கு மாகாணம் என்ற பெயர் அன்று பிறந்தது. ஒரே ஆட்சியிடம் இருந்தால் மட்டுமே ஒரு மூலையில் உள்ள ஆற்றை மறித்து வேறு மூலையிலிருந்து மக்களைக் கொண்டுவந்து குடியேற்ற முடியும். பட்டிப்பளையாற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியபோது ஆங்கிலேயர் போய் ஓராண்டு கடந்திருந்தது, ஆனால் கருவி அவர்கள் விட்டுச் சென்றது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அங்கே ஊர்களை இன்றும் இலக்கமிட்டுக் காலனி என்று அழைக்கிறார்கள். பேருந்து நடத்துனர் அந்தச் சொல்லைக் கூவும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ தைக்கும்.

பிள்ளைகளிடம் இவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, அதுவரை பேசாதிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப எங்கட ஆக்கள் எங்க இருந்திருப்பம் டீச்சர்?" அவளுடைய முன்னோர் போடிமார் எனப்பட்ட நிலவுடைமையாளரின் வீடுகளில் குடிமை செய்தவர்கள் என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். வாவிக்கரைச் சமூகத்தில் போடியார் இருந்தார், அவருக்குக் கீழே உழைத்தவர்கள் இருந்தார்கள், சிறை என்றே பெயர் பெற்ற குடிகளும் இருந்தார்கள். அடிமைமுறையை இத்தீவில் சட்டத்தால் ஒழித்தது 1844 ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் கட்டளைச் சட்டம். அவர்கள் வந்திராவிட்டால் அந்த விடுதலை பிந்தியிருக்குமா, அல்லது எங்களுக்குள்ளேயே எழுந்திருக்கும் ஒரு போராட்டத்தால் ஆழமாக வேரூன்றியிருக்குமா என்று அவளிடம் திருப்பிக் கேட்டேன். அவள் உடனே, "பிந்தியிருக்கும்" என்றாள். அவளுடைய தீர்ப்பை நான் மறுக்கவில்லை. இந்தக் கற்பனையில் எவர் வீட்டு முற்றத்தில் நின்று கொண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே பொற்காலம் தெரிகிறது என்பதை அவள் ஒரே சொல்லில் எனக்குக் காட்டிவிட்டாள்.

அம்மம்மாவின் உறுதிக்கு இனி வருகிறேன், ஏனெனில் நான் மெய்யாகவே துக்கப்படும் இழப்பு அதில்தான் இருக்கிறது. மட்டக்களப்பில், முக்குவர் என்ற சமூகத்தின் பெயரால் வழங்கிய முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி முதுசொம் எனப்பட்ட பரம்பரைச் சொத்து தாய்வழியே இறங்கியது; ஓர் ஆணின் முதுசொம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகாமல் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. தானாக உழைத்துத் தேடிய தேட்டத்துக்கு வேறு நியதி. குலப்பிரிவான குடியும் தாய்வழி, குடிக்குள் வயிற்றுவார் என்ற பிரிவும் தாய்வழி. எந்த வயிற்றில் பிறந்தாய் என்பதே ஒருவரின் விலாசம். இந்தச் சட்டம் ஏட்டில் இருந்ததைவிட ஆட்களின் வாயில் இருந்தது. கோயில் முன்றலில் கூடிய குடித்தலைவர்கள் வழக்கைக் கேட்டு, பழைய தீர்ப்புகளை நினைவுகூர்ந்து, சில வேளைகளில் வளைத்தும் நிமிர்த்தியும் தீர்ப்புச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுதித் தொகுத்தார்கள். எழுதப்பட்டதனால் அது உறைந்தது, உறைந்ததனால் பிழைத்தது. இன்றும் நீதிமன்றத்தில் அதற்குச் செல்வாக்கு உண்டு. எங்கள் சட்டத்தை ஒல்லாந்தர் அவ்வாறு தொகுக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1876 இன் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபோது, கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் தேசவழமைக்கு உட்பட்டோருக்கும் விலக்கு இருந்தது. மட்டக்களப்புத் தமிழருக்கு விலக்கு இருக்கவில்லை. அதே 1876 இல்தான் முக்குவர் சட்டத்தை விளக்கும் ஆங்கில நூலொன்று கொழும்பில் அச்சானது. ஒரு சட்டத்தின் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் ஒரே ஆண்டில் எழுதப்பட்டதுபோல எனக்கு அது படுகிறது.

கப்பல்கள் வராதிருந்தால் முக்குவர் சட்டம் அப்படியே நின்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மாமனின் சொத்துக்கு மருமகனும் மகனும் போட்டியிடும் எந்தச் சமூகத்திலும் சண்டை வந்தே தீரும். எங்களிடமும் வந்திருக்கும், வழக்கு மாறியிருக்கும், மகனுக்கு ஒரு பங்கு என்று தீர்ந்திருக்கலாம், குடிமை செய்தவர்களின் பெண்களுக்கும் வளவு வேண்டும் என்ற குரல் ஒரு நாள் அந்தக் கோயில் முன்றலுக்கே வந்திருக்கலாம். அந்தச் சண்டையை நாங்களே பிடித்து, நாங்களே முடிப்பதற்கான காலம் எங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. எனக்கு வலிப்பது அதுதான். சட்டம் மாறியதைப் பற்றி என் பாட்டியின் பாட்டியிடம் எவரும் கேட்கவில்லை. ஆயினும் அவர்கள் ஒரு வழி கண்டார்கள்: வழியுரிமையாகப் போக முடியாத வீட்டைச் சீதனமாக, நொத்தாரிசின் கையால், ரோமன்-ஒல்லாந்தச் சட்டத்தின் மொழியில் எழுதி, மகளிடமே சேர்ப்பித்தார்கள். 1931 ஆம் ஆண்டின் இந்தத் தாள் அதற்குச் சாட்சி.

இதை நான் காத்தான்குடியைச் சேர்ந்த என் தோழியிடம் சொன்னபோது, அவர் வேறொரு கணக்கை எடுத்து வைத்தார். இருவரும் ஒரே பாடசாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்தவர்கள். 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரைகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களை ஏற்று, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகப் போர்த்துக்கேயப் பதிவு சொல்கிறது. அதற்கு முன்னரும் இங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். ஆனால் அந்த வருகை இந்தக் கரையின் முகத்தையே மாற்றியது. "அப்ப எங்கட உம்மாட ஆக்கள் மேற்குக் கரையிலயே இருந்திருப்பாங்க டீச்சர். நீங்களும் நானும் ஒரு மேசைல இருந்து சாப்பிட்டிருக்க மாட்டம்" என்றார் அவர். அவருடைய வீடும் தாய் கொடுத்த வீடுதான். அவர்களிடமும் குடி உண்டு, அதுவும் தாய்வழி. இந்தக் கரைக்கு வந்தவர்கள் இந்தக் கரையின் வழக்கத்தையே தம் வழக்கமாக்கிக்கொண்டார்கள். எங்களுக்கு இடையே 1990 ஆம் ஆண்டு ஓடிய இரத்தத்தையும் அறிந்தே நான் இதை எழுதுகிறேன். அவர் இல்லாத ஒரு மட்டக்களப்பை எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

இன்னொருவரும் இல்லாமல் போவார். என் சிறுவயதில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கித் தச்சர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை அங்கிள் என்று அழைப்போம். வீட்டுக்குள் தம் தாயோடு போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிலும், வாசலைக் கடந்ததும் எங்களைவிடச் சுத்தமான மட்டக்களப்புத் தமிழிலும் பேசுவார். கலியாண வீடுகளில் அவர்கள் வயலின் வாசித்துக் கபிறிஞ்ஞா ஆடுவதை நாங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்போம். ஒரு மாரியில் அம்மம்மாவின் முதிரை அலுமாரிக் கதவு ஈரத்தில் ஊதி, திறக்க முடியாமல் இறுகிவிட்டது. உள்ளே உறுதி இருந்தது. அவர் வந்து பிணைச்சல்களைக் கழற்றி, கதவை இரண்டு வாங்குகளின் மேல் படுக்க வைத்து, சீவுளியைத் தள்ளினார். மரம் சுருள் சுருளாக எழுந்து என் காலடியில் விழுந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் நிறுத்தி, உள்ளங்கையால் விளிம்பைத் தடவி, மீண்டும் தள்ளினார். கடைசியில் பிணைச்சல் ஆணிகளில் மெழுகுதிரி பூசி, கதவை மாட்டி, ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். "கூட எடுத்தா வெயிலுக்க இடைவெளி விழும் மகள். மரம் சுருங்கிற அளவ நினைச்சுத்தான் சீவணும்" என்றார். 2004 டிசம்பர் 26 அன்று கடலோரத்து டச்பாரில் இருந்த அவருடைய உறவினரில் பலரைக் கடல் கொண்டு போயிற்று. ஒரு கப்பலில் வந்த மனிதனும் இந்தக் கரையின் ஒரு பெண்ணும் சேர்ந்திராவிட்டால் அவர் பிறந்திருக்க மாட்டார். ஒரு கோட்டை எழுந்திருக்கக் கூடாது என்று விரும்புவது எனக்கு எளிது. அவர் பிறந்திருக்கக் கூடாது என்று விரும்ப என்னால் முடியாது.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொச்சிக்காய், மரவள்ளி, கச்சான், மரமுந்திரிகை, பப்பாசி, அன்னாசி, கொய்யா, வாவிக்கு மேற்கே படுவான்கரையின் சேனைகளில் விளையும் சோளன் அனைத்தும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மிளகு போட்டுக் காய்ச்சிய மீன் ஆணமும் கெழுத்திப் பொரியலும் எங்களிடம் இருந்திருக்கும். அதன் நிறம் சிவப்பாக இருந்திருக்காது.

விபுலானந்த அடிகளைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச விரும்புகிறேன். காரைதீவில் 1892 இல் பிறந்தவர், மிசன் பாடசாலைகளில் படித்து, 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தின் வரிகளையும் பௌதிகத்தின் அதிர்வெண் கணக்கையும் ஒரே மேசையில் வைத்து, மறைந்துபோன யாழை அவர் மீட்டெடுத்த யாழ் நூல் 1947 இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். ஆங்கிலேயர் கல்வி இல்லாமல் அந்த நூல் ஏது என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் கேரளத்தில் 14 ஆம் நூற்றாண்டிலேயே சங்கமகிராமத்து மாதவன் முடிவிலித் தொடர்களால் வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டிருந்தார். அவருடைய மாணாக்கர் வழி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. மலையாளக் கரைக்கும் எங்கள் கரைக்கும் முக்குவரும், கண்ணகியும், தாய்வழிக் குடியும் பொதுவாக இருக்கும்போது, அந்தக் கணிதமும் ஒரு தோணியில் ஏறி இங்கே வந்திருக்கக் கூடாதா? இன்னொரு காரைதீவில், இன்னொரு துறவி, பனையோலையில் நரம்பின் நீளத்தை வகுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை நான் விரும்பி நினைத்துப் பார்க்கிறேன்.

பிள்ளைகளுக்கு அன்று கடைசியாக ஒரு கதையைச் சொன்னேன், அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அறிந்த கதை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலை இடிக்கப் போர்த்துக்கேயத் தளபதி வந்தபோது, உன் கல் நந்தி புல் தின்னுமா என்று கேட்டானாம். நந்தி எழுந்து, புல்லைத் தின்று, அவனை உதைத்ததாம். கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே திருகோணமலையில் கோட்டை கட்டப்பட்ட காலத்தின் கதை அது. அங்கே நடந்தது இங்கே நடக்காமல் போக வேண்டும் என்று தவித்த மக்கள், கல்லை எழுப்பி நிறுத்திவிட்டார்கள். மாற்று வரலாற்றை எழுதுவது எங்களுக்குப் புதிதில்லை என்று சொன்னேன்.

அடுத்த மாதம் இந்த வீட்டை என் மகளுக்கு எழுதவிருக்கிறேன். மகன் அதைக் கேட்டு, "அது அக்காட வீடுதானே அம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். சட்டம் அவனுக்குச் சமபங்கு தரும் என்பதை அவனும் அறிவான். நொத்தாரிசு முன்னைய உறுதிகளைக் கொண்டுவரச் சொன்னார். அதற்காக நேற்று அம்மம்மாவின் அலுமாரிக்கு முன் போய் நின்றேன். மாரி தொடங்கி இரண்டு கிழமையாகிவிட்டது, சுவரெல்லாம் ஈரம். கதவை ஒரு விரலால் தள்ளினேன். அது ஓசையின்றித் திறந்தது.